காய்கனிகளின் குடிவழி கண்ட ஜானகி அம்மாள்

நுழையும்முன்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவை அடுத்தடுத்த கூடைகளில் குவிந்து கிடக்கின்றன. நிறத்தாலும் வடிவத்தாலும் சுவையாலும் வேறுபட்ட இந்நான்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கண்ணுக்குப் புலப்படாத இவ்வுறவை எவ்வாறு அறிவது? இவ்வினாவிற்குச் செடியின் உயிரணுவுக்குள்ளே விடை தேடியோருள் ஒருவர் தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் கற்று, உலகம் போற்ற வாழ்ந்த ஜானகி அம்மாள். அவரது வாழ்வையும் பணியையும் இப்பாடத்தில் அறிவோம்.

கொச்சியில் உருவான தாவர நூல்

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொச்சிக் கோட்டை டச்சுக்காரர் வசம் இருந்தது. அவர்களுடைய மலபார் ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரீடு என்பவர், இப்பகுதியின் மரஞ்செடிகொடிகள் அனைத்தையும் தொகுத்து எழுத விரும்பினார். இன்றைய இடக்கொச்சிக்குத் தெற்கே, சேர்த்தலைப் பகுதியில் உள்ள கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர் தம் குடும்பத்தில் வழிவழியாக வந்த மருத்துவ அறிவை அந்நூலுக்கு வழங்கினார். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் துணைநின்றனர். ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பெயரில் 12 தொகுதிகளாக, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் அந்நூல் வெளிவந்தது. 742 தாவரங்கள் படங்களுடன் அதில் இடம்பெற்றன. முதலாவதாக விளக்கப்பட்டது நம் தென்னை.

அந்நூல் செடியின் வடிவத்தையும், இலை, பூ, காய், விதை ஆகியவற்றின் தோற்றத்தையும், மருத்துவப் பயனையும் கூறியது. எந்தச் செடிக்கு எந்தச் செடி உறவு, எது எதிலிருந்து கிளைத்தது என்னும் வினாக்களுக்கு வெளித்தோற்றம் மட்டும் முழு விடை தராது. அதற்குச் செடியின் உள்ளே நோக்க வேண்டும். அவ்வாறு நோக்கும் கருவிகளும் முறைகளும் அமைய மேலும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின. அக்காலத்தில் அதே மலபார் மண்ணில் பிறந்தார் ஜானகி அம்மாள்.

இளமையும் கல்வியும்

எடவலத்து கக்காட் ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். அந்நாளில் மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்தது. தந்தையார் இ. கே. கிருஷ்ணன் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர், தாயார் தேவி. உடன்பிறந்தோர் பலர் நிறைந்த பெரிய குடும்பம் அது. தந்தையார் இயற்கையில் பேரார்வம் கொண்டவர். வீட்டைச் சுற்றித் தோட்டம் அமைத்து அருமையாகப் பேணினார். வடமலபார்ப் பறவைகளைப் பற்றியும் எழுதினார். அத்தோட்டமே ஜானகியின் முதற்பள்ளி ஆயிற்று.

தலைச்சேரியில் பள்ளிக் கல்வியை முடித்த பின்னர் ஜானகி சென்னைக்கு வந்தார். இராணி மேரி கல்லூரியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்று 1921ஆம் ஆண்டில் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். உடன்பிறந்த பெண்கள் ஒருவர்பின் ஒருவராக மணம்புரிந்து இல்லறம் ஏற்றனர். ஜானகிக்கும் திருமணம் பேசப்பட்டது. அவரோ கல்வியைத் தேர்ந்தார். பெண்கள் கல்லூரிக்குச் செல்வதே அரிதாக இருந்த காலத்தில் அம்முடிவு எளிதானதன்று.

கடல் கடந்த படிப்பு

சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றிய ஜானகிக்கு, ஆசியப் பெண்களுக்கென வழங்கப்பட்ட பார்பூர் உதவித்தொகை கிடைத்தது. 1924இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று முதுகலைப் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பிச் சிறிதுகாலம் கற்பித்தபின், மேலாய்வுக்காக மீண்டும் அங்கே சென்றார். நியூயார்க் துறைமுகத்தில் குடியேற்ற அதிகாரிகள் அவரைத் தடுத்து நிறுத்தினராம். நீண்ட கருங்கூந்தலும் பட்டாடையும் கண்டு, இந்திய இளவரசி என்றெண்ணி வழிவிட்டனராம். அவரும் அவ்வெண்ணத்தை மறுக்கவில்லை என்பர்.

1931ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. தாவரவியலில் அத்தகைய உயர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியருள் அவரும் ஒருவர். ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது ‘நிகாண்ட்ரா’ என்னும் செடி. அது கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

குரோமோசோம் கூறும் உறவு

ஜானகி அம்மாளின் பணியை அறியக் குரோமோசோம் என்பது யாதென அறிதல் வேண்டும். உயிர்கள் எல்லாம் உயிரணுக்களால் ஆனவை. உயிரணுவின் நடுவே உட்கரு உள்ளது. உயிரணு பிரியும் வேளையில், உட்கருவுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியால் நோக்கினால் சிறுசிறு நூல்துண்டுகள் போன்ற உறுப்புகள் தெரியும். அவையே குரோமோசோம்கள். பெற்றோரின் பண்புகளைப் பிள்ளைக்குக் கொண்டுசெல்லும் மரபணுக்கள் அவற்றில் அமைந்துள்ளன. மனிதருக்கு அவை 46.

கத்தரிக்குக் குரோமோசோம்கள் 24. அதாவது 12 இணைகள். தக்காளிக்கும் 24. மிளகாய்க்கும் சுண்டைக்கும் 24. நாம் உண்ணும் உருளைக்கிழங்கிற்கு 48. அது 12இன் நான்கு மடங்கு. மணத்தக்காளி இனங்களுள் 24, 48, 72 என மூவகை எண்ணிக்கைகள் காணப்படுகின்றன. அவையும் 12இன் மடங்குகளே. ஒரு குடும்பத்தார்க்கு ஒரே முகச்சாயல் இருப்பதுபோல், இச்செடிகளுக்கு 12 என்னும் எண் உள்ளிருந்து அமைந்த சாயலாக விளங்குகிறது.

இவ்வாறு குரோமோசோம்கள் மடங்காகப் பெருகுதலைப் பன்மடியம் என்பர். நாம் உண்ணும் நேந்திரன் வாழை இதற்கு நல்ல சான்று. காட்டுவாழைக்குக் குரோமோசோம்கள் 22. அதன் கனியில் கடினமான விதைகள் நிறைந்திருக்கும். நேந்திரனுக்கோ 33. அதன் மூன்று தொகுதிகளுள் இரண்டு ஒரு காட்டுவாழையிலிருந்தும், ஒன்று மற்றொரு காட்டுவாழையிலிருந்தும் வந்தவை. மூன்று தொகுதிகள் சமமாக இணைசேர இயலாமையால் விதை உருவாவதில்லை. பலாவுக்கு 56, அதன் உறவான கடச்சக்கை எனப்படும் சீமைப்பலாவின் விதையற்ற வகைக்கு 84. விதை இன்மை என்னும் வெளித்தோற்றத்தின் காரணத்தை உள்ளிருக்கும் எண் கூறிவிடுகிறது.

ஆனால், எண்ணிக்கை மட்டும் உறவுக்குப் போதிய சான்று ஆகாது. நெல்லுக்கும் குரோமோசோம்கள் 24. அதனால் நெல் தக்காளியின் நெருங்கிய உறவாகிவிடாது. ஜானகி அம்மாள் ஆய்ந்த நிகாண்ட்ராவுக்கு 20. எனினும் அது கத்தரிக் குடும்பத்துச் செடியே. ஆகவே, ஆய்வாளர் எண்ணோடு நிற்பதில்லை. குரோமோசோம்களின் அளவையும் வடிவத்தையும் ஒப்பிடுவர். இருவேறு செடிகளைக் கலந்து ஒட்டுவகை உண்டாக்கி, ஒன்றன் குரோமோசோம் மற்றொன்றன் குரோமோசோமுடன் இணைசேர்கிறதா என்று நோக்குவர். அவை நன்கு இணைந்தால் இரண்டும் ஒரு முன்னோர் வழிவந்தவை என்பதற்கு அது வலிய சான்று. இம்முறையில் ஜானகி அம்மாள் வல்லுநராகத் திகழ்ந்தார். கத்தரியில் காணப்படும் பன்மடியம் பற்றி 1934இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

கரும்புக்குச் சுற்றம் தேடியவர்

அமெரிக்காவிலிருந்து திரும்பியபின் திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் ஈராண்டுகள் பேராசிரியராக இருந்தார். 1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார். 1912இல் தொடங்கப்பட்ட அந்நிலையம், இந்தியாவுக்கேற்ற கரும்பு வகைகளை உருவாக்கிவந்தது. அந்நாளில் இனிப்பு மிகுந்த கரும்பு வகைகள் நம் நாட்டின் பல பகுதிகளில் நன்கு விளையவில்லை. சர்க்கரை ஜாவாவிலிருந்து பெருமளவில் இறக்குமதியாயிற்று. ஆற்றங்கரைகளில் தானே வளரும் பேய்க்கரும்போ இனிப்பற்றது. ஆயினும் வறட்சியையும் நோயையும் தாங்கவல்லது. இவ்விரண்டையும் கலந்தால் இனிப்பும் வலிமையும் ஒருங்கே பெறலாம் என்பது அந்நிலையத்தார் கண்ட வழி.

ஜானகி அம்மாள் இன்னும் ஒருபடி மேலே சென்றார். கரும்பைச் சோளத்துடனும், மக்காச்சோளத்துடனும், வேறு சில புல்லினங்களுடனும் கலந்து ஒட்டுவகைகளை உண்டாக்கினார். அவற்றின் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தார். தோற்றத்தில் வேறுபட்ட இப்பயிர்கள் கலத்தற்கு இயலுமளவு நெருங்கியவை என்பதை அவ்வாய்வுகள் காட்டின. பேய்க்கரும்பின் பிறப்பிடம் பற்றிய ஆய்விலும் அவர் ஈடுபட்டார். 1935இல் இந்திய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது.

எனினும், அப்பணிக்காலம் இனிதாக அமையவில்லை. அவர் ஒரு பெண். மணம்புரியாது தனித்து வாழ்ந்தவர். அன்றைய சமூகம் பின்தள்ளிவைத்த தீயர் குலத்திற் பிறந்தவர். இக்காரணங்களால் ஆண்களே நிறைந்திருந்த ஆய்வுலகில் அவருக்குரிய மதிப்பு எளிதில் கிட்டவில்லை. செடிகளின் வேறுபாட்டுக்கு அடியில் உறவைக் கண்டவர், மனிதர் வகுத்த வேறுபாட்டால் வருந்த நேர்ந்தது.

குண்டுமழையின் நடுவே

இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்த நாளில் அவர் இங்கிலாந்தில் இருந்தார். 1940 முதல் 1945 வரை இலண்டன் நகரின் ஜான் இன்னெஸ் தோட்டக்கலை நிலையத்தில் பணிபுரிந்தார். இரவில் வானூர்திகள் குண்டு வீசும்போது கட்டிலுக்கடியில் பதுங்குவார்; விடிந்ததும் சிதறிய கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு ஆய்வைத் தொடர்வார். இந்தியாவிலிருந்து தம் புடவை மடிப்பில் மறைத்துக் கொண்டுவந்த அணில் ஒன்று அங்கு அவருக்குத் துணையாயிற்று. அதற்கு அவர் இட்ட பெயர் கபோக். இலவம்பஞ்சைக் குறிக்கும் சொல் அது.

அந்நிலையத்தில் சி. டி. டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து அவர் எழுதிய ‘பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் விளக்கப்பேரேடு’ 1945இல் வெளிவந்தது. உலகில் மனிதர் பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் எண்களை அந்நூல் ஒருங்கே தொகுத்தது. எப்பயிர் எங்குத் தோன்றியது, எதனுடன் உறவுடையது என்று ஆராய்வோர்க்கு அது கைவிளக்காயிற்று. வான் ரீடு நூலில் செடிகள் தோற்றத்தால் விளக்கப்பட்டன. இந்நூலிலோ அவை உள்ளமைப்பால் விளக்கம் பெற்றன.

பின்னர் விஸ்லி என்னுமிடத்தில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தில் 1951 வரை பணியாற்றினார். நம் சண்பகத்தின் உறவான மக்னோலியா மரத்தின் நாற்றுகளுக்குக் கால்ச்சிசின் என்னும் மருந்திட்டு, குரோமோசோம்களை இருமடங்காக்கி ஆராய்ந்தார். அவற்றுள் வெண்ணிற மலர் தரும் ஒரு வகை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தாயகப் பணி

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று ஜானகி அம்மாள் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு 1952இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அலகாபாத், ஜம்மு, டிராம்பே எனப் பல இடங்களில் அவர் பணி தொடர்ந்தது. இமயமலைத் தாவரங்களை ஆராய்ந்தபோது, ஈரம் மிகுந்த வடகிழக்கில் பன்மடியத் தாவரங்கள் மிகுதி என்றும், வறண்ட வடமேற்கைவிட அங்கே புதிய இனங்கள் விரைவாகத் தோன்றுகின்றன என்றும் கண்டார்.

அந்நாளில் உணவுப் பெருக்கத்திற்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. அசாம் பகுதியில் ஒருவகை மக்னோலியா மரம் ஒன்றே ஒன்று எஞ்சியிருப்பதாக அறிந்த ஜானகி அம்மாள், அதைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்றார். சென்றடைந்தபோது அம்மரம் எரிந்து போயிருந்தது. ஒரு காட்டினம் அழிந்தால் அதன் உயிரணுவில் எழுதப்பட்டிருந்த குடிவழியும் உடன் அழிகிறது. பேய்க்கரும்பைப் போல், நாளை ஒரு பயிரைக் காக்கக்கூடிய உறவும் அழிகிறது. இவ்வுண்மையை அவர் ஆழ உணர்ந்திருந்தார். 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதர் புவியை மாற்றிவரும் விதம் பற்றி நடந்த உலகக் கருத்தரங்கில் அழைக்கப்பெற்ற ஒரே பெண்மணி அவரே.

அமைதிப் பள்ளத்தாக்கு

பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழை ஆறு பாயும் அமைதிப் பள்ளத்தாக்கில் மின்னாக்கத்திற்காக அணைகட்டத் திட்டமிடப்பட்டது. பழமையான மழைக்காடு நீரில் மூழ்கும் நிலை எழுந்தது. எதிர்த்துக் குரல் எழுப்பியோருள் எண்பது வயதை நெருங்கிய ஜானகி அம்மாளும் இருந்தார். நீரில் மூழ்குமுன் அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்று உறுதிபூண்டு அப்பணியிலும் இறங்கினார்.

1970 முதல் அவர் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் பணியாற்றினார். சென்னைக்கு அருகில் மதுரவாயலில் இருந்த ஆய்வுக்கூடமே அவருக்கு இல்லமாயிற்று. எளிய உடை, சில பொருள்கள், செடிகள், நுண்ணோக்கி ஆகியவற்றுடன் வாழ்ந்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், தம் 86ஆம் வயதில் அவ்வாய்வுக்கூடத்திலேயே இயற்கை எய்தினார். அணைத் திட்டம் முன்னரே கைவிடப்பட்டிருந்தது. அவர் மறைந்து ஒன்பது மாதங்களில், 1984 நவம்பர் 15ஆம் நாள், அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அக்காடு இன்றும் நிற்கிறது.

அவருக்குப் பின்

ஜானகி அம்மாள் குரோமோசோம்களை எண்ணினார். அவருக்குப் பின்வந்தோர் குரோமோசோமுக்குள் உள்ள மரபணு வரிசையையே படித்தனர். உருளைக்கிழங்கின் வரிசை 2011இலும், தக்காளியின் வரிசை 2012இலும் வெளியாயின. தக்காளி ஆய்வில் 5ஆம் குரோமோசோமைப் படிக்கும் பொறுப்பை இந்திய அறிவியலாளர் ஏற்றனர். இரு செடிகளின் 12 குரோமோசோம்களிலும் மரபணுக்கள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் அமைந்திருந்தன. சில இடங்களில் மட்டும் துண்டுகள் தலைகீழாகத் திரும்பியிருந்தன. தற்செயலாக இத்தகைய ஒற்றுமை அமையாது. இரண்டும் ஒரே முன்னோரின் வழிவந்தவை என்பது இதனால் உறுதியாயிற்று. பூத்துக் காய்க்கும் தாவரங்கள் அனைத்துமே மிகப் பழைய ஒரு முன்னோரிலிருந்து கிளைத்தவை என்பது இன்றைய அறிவியலின் முடிவு.

இவ்வுறவு உழவர்க்கும் பயன் தருகிறது. கேரளத்து மண்ணில் கத்தரியை வாடல்நோய் எளிதில் தாக்கும். நோய் தாங்கும் சுண்டைச் செடியின் அடித்தண்டில் கத்தரியின் நுனித்தண்டை ஒட்டுக்கட்டினால், வேர் சுண்டையாகவும் காய் கத்தரியாகவும் செடி நலமுடன் வளர்கிறது. நெருங்கிய உறவு இன்றேல் அத்தண்டுகள் ஒட்டா.

கத்தரி ஆசியாவைச் சேர்ந்தது. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டங்களில் தோன்றியவை. ஒரு முன்னோரின் வழித்தோன்றல்கள் கடலால் பிரிந்து நெடுங்காலம் வாழ்ந்தன. பின்னர் மனிதரோடு கப்பலேறி வந்து நம் நாட்டில் ஒன்றுகூடின. இன்று அவை ஒரே குழம்பில் சேர்ந்து வேகின்றன. புதிய மண்ணில் வேரூன்றியபோதும் அவை தம் குடிவழியைத் தம்முள் காத்துவைத்திருந்தன. அதைப் படித்தறியும் கலையில் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டவர் ஜானகி அம்மாள்.

சொல்லும் பொருளும்

குடிவழி – வமிசம், தலைமுறைத் தொடர்
உயிரணு – செல்
சாயல் – ஒத்த தோற்றம்
சுற்றம் – உறவினர்
ஒட்டுவகை – இரு இனங்கள் கலந்து பிறந்த வகை
பன்மடியம் – குரோமோசோம் தொகுதி மடங்காகப் பெருகுதல்
இயற்கை எய்துதல் – இறத்தல்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ஜானகி அம்மாள் பிறந்த ஊர் ________.
2. கத்தரியின் குரோமோசோம் எண்ணிக்கை ________.
3. அமைதிப் பள்ளத்தாக்கில் பாயும் ஆறு ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. இட்டி அச்சுதன் யார்? அவர் எந்நூலுக்கு உதவினார்?
2. நேந்திரன் வாழையில் விதை உருவாகாமைக்குக் காரணம் யாது?
3. பேய்க்கரும்பின் சிறப்புகள் யாவை?

இ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. குரோமோசோம்களின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பது மட்டுமே உறவுக்குச் சான்று ஆகுமா? எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. ஒரு காட்டுமரம் அழிந்தால் இழக்கப்படுவன யாவை? பாடப்பகுதி கொண்டு எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக.
பேரார்வம், இவ்வுறவு, மரஞ்செடி, அடித்தண்டு

உ. செயல்பாடு
உங்கள் வீட்டுச் சமையலறையில் உள்ள ஐந்து காய்கனிகளின் பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் கேட்டறிந்து எழுதுக. அவற்றுள் எவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று பெரியோரிடமோ அறிவியல் ஆசிரியரிடமோ கேட்டு அட்டவணைப்படுத்துக.